விவோவுக்கு ஓப்பன் ஃபில்டர் போடலாமா?

பீனிக்ஸ் தம்பி:
அண்ணன்மாரே, அக்காமாரே, வணக்கம். டர்பன்காரன் நான். என்னிடம் இருப்பது ஃபோக்ஸ்வேகன் போலோ விவோ 1.4 கார், 55 கிலோவாட் மாடல். தினமும் M41 வழியாக உம்லாங்காவுக்கு வேலைக்குப் போய் வருகிறேன். எப்போதாவது பீட்டர்மாரிட்ஸ்பர்க் போவேன், அவ்வளவுதான். ஒரு கடையில் 'கோல்ட் ஏர் இன்டேக்' கிட் காட்டினார்கள், அதாவது இஞ்சினுக்குள் குளிர்ந்த காற்றை இழுக்கும் அமைப்பாம். பெட்டிக்குள் அடங்காமல் வெளியே திறந்து நிற்கும் கூம்பு மாதிரி சிவப்பு ஃபில்டர், பளபளவென்று ஒரு அலுமினியக் குழாய், இரண்டு கிளாம்ப். மாட்டினால் 10 கிலோவாட் கூடும், பெட்ரோலும் மிச்சமாகும் என்கிறார் கடைக்காரர். விலை சில ஆயிரம் ராண்ட். வாரன்டி இன்னும் முடியவில்லை. வாங்கலாமா, வேண்டாமா?

சாட்ஸ்வொர்த் சிட்டிகோல்ஃப்:
வாங்கு தம்பி, யோசிக்காதே. இஞ்சினுக்குக் காற்றுதான் மூச்சு. கம்பெனிக்காரன் சத்தம் வரக்கூடாது என்பதற்காக அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூக்கைப் பொத்தி வைத்திருக்கிறான். என் சிட்டி கோல்ஃப் கார்பரேட்டர் வண்டி. பழைய வட்டப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓப்பன் ஃபில்டர் மாட்டி, கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டையும் மாற்றினேன். மேட்டில் இரண்டாவது கியரில் திணறிக்கொண்டிருந்தது, மூன்றாவதில் ஏறியது. ரோபோவில் (சிக்னலில்) பச்சை விழுந்தால் பக்கத்து வண்டிக்காரன் திரும்பிப் பார்ப்பான். இதையெல்லாம் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது.

வெஸ்ட்வில் கணக்கு வாத்தியார்:
சாட்ஸ்வொர்த் அண்ணா, உங்கள் வண்டி ஏறியதை நான் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் ஜெட்டையும் மாற்றினீர்கள். அதில் எவ்வளவு ஜெட்டால் வந்தது, எவ்வளவு ஃபில்டரால் வந்தது? தம்பியின் வண்டியில் ஜெட்டே கிடையாது, கம்ப்யூட்டர்தான் பெட்ரோலை அளந்து ஊற்றுகிறது.

இப்போது அந்த 10 கிலோவாட்டுக்கு வருவோம். கடலோரத்தில் காற்றழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். முழு ஆக்ஸிலரேட்டரில், சுத்தமான பேப்பர் ஃபில்டரும் அதன் குழாயும் சேர்ந்து பிடித்துவைக்கும் அழுத்தம் இந்த அளவு இஞ்சினில் ஒன்றிரண்டு கிலோபாஸ்கல்தான். ஃபில்டரே இல்லாமல், குழாயே இல்லாமல் காற்று உள்ளே போனாலும் மீட்கக்கூடியது ஒன்று இரண்டு சதவீதம். 55-இல் இரண்டு சதவீதம் என்றால் 1.1 கிலோவாட். அதையும் ஃபில்டரைத் தூக்கி எறிந்தால்தான் முழுசாகப் பார்க்கலாம்.

10 கிலோவாட் என்பது 18 சதவீதம். டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போனால், அந்த 1,750 மீட்டர் உயரத்தில், காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ இல்லாத இஞ்சின் கிட்டத்தட்ட அவ்வளவைத்தான் இழக்கிறது. வழியில் வான் ரீனன் கணவாய் ஏறியவர்களுக்கு அந்த வித்தியாசம் உடம்பில் தெரியும். ஒரு மலையையே சம்பாதித்துத் தருகிற குழாயை கம்பெனிக்காரன் மாட்டாமல் விட்டிருப்பானா?

லெனேஷியா ஜிடிஐ:
வாத்தியாரே, கணக்கு சரிதான். ஆனால் அது டர்போ இல்லாத இஞ்சின் கணக்கு. இங்கே மேலே ரீஃபில், ஜோகன்னஸ்பர்க் பக்கம், வந்து பாருங்கள். காற்றழுத்தம் 83 கிலோபாஸ்கல் பக்கம். அதே பூஸ்ட் (அழுத்தம்) கொடுக்க டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். டர்போவின் கம்ப்ரஸர் வாயில் இரண்டு கிலோபாஸ்கல் போனால் அந்த இழப்பு மறுபக்கம் பெருகித்தான் வரும், காற்றும் சூடாகும். என் கோல்ஃப் 7 ஜிடிஐ டர்போ வண்டியில் இஞ்சின் மென்பொருள் மாற்றி, எக்ஸாஸ்ட் மாற்றி, அப்புறம்தான் இன்டேக் போட்டேன். சக்தியை அளக்கும் டைனோ மெஷினில் கடைசி ஆயிரம் ஆர்பிஎம்மில் கோடு சரியாமல் நின்றது. அதனால் 'இன்டேக் வீண்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள்.

வெஸ்ட்வில் கணக்கு வாத்தியார்:
ஒப்புக்கொள்கிறேன், உங்கள் வண்டிக்கு. ஆனால் நீங்களே சொன்ன வரிசையைப் பாருங்கள்: முதலில் மென்பொருள், கடைசியில் இன்டேக். மென்பொருள் மாற்றாத டர்போ வண்டியில் கம்ப்யூட்டர் 'இவ்வளவு டார்க்தான்' என்று ஒரு இலக்கு வைத்திருக்கும். காற்று தாராளமாக வந்தால் டர்போவின் அழுத்தத்தைக் குறைக்கும் வேஸ்ட்கேட்டைக் கொஞ்சம் திறந்துவிட்டு அதே இலக்கில் நிறுத்திவிடும். தம்பிக்கு டர்போவும் இல்லை, ட்யூனும் இல்லை.

லெனேஷியா ஜிடிஐ:
சரி, விவோவுக்கு நானும் பரிந்து பேசவில்லை. ஆனால் சத்தம்? ஒருத்தன் சத்தத்துக்காகவே வாங்கினால் என்ன தப்பு? ரேடியோ வாங்கினால் எத்தனை கிலோவாட் என்று யாரும் கேட்பதில்லையே.

வெருலம் பார்ட்ஸ் கவுண்டர்:
நான் கவுண்டரில் நிற்பவள். ஃபில்டர் விற்றால் எனக்குத்தான் லாபம், இருந்தாலும் சொல்கிறேன். எங்கள் பக்கம் கரும்பு எரிக்கும் மாதங்களில் கறுப்புச் சாம்பல் செதில் செதிலாகத் துணிக்கொடியில் விழும். அந்த நேரத்தில் ஏர்பாக்ஸை, அதாவது ஃபில்டர் இருக்கும் அந்தக் கறுப்புப் பெட்டியை, திறந்து பேப்பர் ஃபில்டரைத் தரையில் தட்டினால் சாம்பலும் பூச்சி இறக்கையும் கொட்டும். பார்க்கத்தான் பயமாக இருக்கும், செதில் பெரிசு, பேப்பர் எளிதாகப் பிடித்துவிடும். ஆபத்து மண் சாலைப் புழுதி. அது மாவு மாதிரி நைஸ்.

கூம்பு ஃபில்டர் போட்டவர்கள் வந்தால் ஒரு வேலை செய்யச் சொல்வேன். ஃபில்டருக்கு அப்புறம், இஞ்சினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலுக்கு முன்னால் இருக்கும் குழாயைக் கழற்றி, வெள்ளைத் துணியை விரலில் சுற்றி உள்ளே தேயுங்கள். துணி சுத்தமாக வந்தால் சந்தோஷம். பழுப்பு நிறத்தில் வந்து, விரல்களுக்கு நடுவே நறநறத்தால், அந்த நறநறப்புதான் சிலிண்டர் சுவரைத் தேய்க்கிறது. மலிவு கிட்டுகளில் இதை நிறையப் பார்க்கிறேன். சில நேரம் ஃபில்டர் துணியில் குற்றமே இருக்காது. கிளாம்ப் சரியாக உட்காராமல் ரப்பர் வாய் ஒரு பக்கம் மடிந்திருக்கும், புழுதி அந்த வழியாகப் போயிருக்கும்.

சாட்ஸ்வொர்த் சிட்டிகோல்ஃப்:
அக்கா, நல்ல பிராண்ட் வாங்கினால் அந்தத் தொல்லை இல்லை. கழுவி, காயவைத்து, எண்ணெய் தெளித்து ஆயுளுக்கும் ஓட்டலாம். பேப்பரை ஒவ்வொரு சர்வீஸுக்கும் காசு கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

வெருலம் பார்ட்ஸ் கவுண்டர்:
அண்ணா, கழுவுவீர்கள், நம்புகிறேன். உங்கள் மகன் கழுவுவானா? அந்த எண்ணெயைக் கணக்காகத் தெளிக்கவும் கை பழக வேண்டும். குறைந்தால் புழுதி உள்ளே போகும். கூடினால் காற்றை அளக்கும் சென்சார் மேல் போய்ப் படியும், அப்புறம் செக் இஞ்சின் விளக்கோடு என் கவுண்டருக்கே வருவார்கள். விவோவுக்கு ஒரு பேப்பர் ஃபில்டர் வாங்கும் காசையும் அந்த கிட் விலையையும் வைத்துப் பாருங்கள். போட்ட முதலை எடுப்பதற்குள் வண்டியை விற்றுவிடுவீர்கள்.

லெனேஷியா ஜிடிஐ:
எண்ணெய்க் கதையைக் கொஞ்சம் ஊதிவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். அளவாகத் தெளித்து ஓர் இரவு ஊறவிட்டால் ஒன்றும் ஆகாது. சென்சாருக்கு அதைவிடப் பெரிய சிக்கல் குழாயின் அகலம். அது காற்று ஓடுவதை ஒரு புள்ளியில்தான் பார்க்கிறது. அந்த இடத்தில் குழாய் அகலம் மாறினால் வாசிப்பு முழுக்கத் தப்பு, பெட்ரோல் கலவையும் அதோடு தப்பு. கிட் வாங்குபவர்கள் சென்சார் உட்காரும் இடத்தின் உள்விட்டத்தை அளந்து பார்க்கட்டும்.

பீனிக்ஸ் தம்பி:
பெட்ரோல் மிச்சமாகும் என்றாரே, அதுவும் பொய்யா? எனக்கு அதுதான் முக்கியம். மாதம் பிறந்து பெட்ரோல் விலை மாறும் முதல் புதன்கிழமை வந்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

வெஸ்ட்வில் கணக்கு வாத்தியார்:
தம்பி, M41-இல் நீ 80-இல் போகும்போது உன் கால் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம்தான் மிதித்திருக்கிறது. அதாவது த்ராட்டில் தகடு முக்கால்வாசி மூடியிருக்கிறது. காற்றைத் தடுப்பது அந்தத் தகடுதான், நீ வேண்டுமென்றே தடுக்கிறாய். வீட்டுக் கதவை ஒருக்களித்து வைத்துவிட்டுத் தெரு கேட்டை அகலமாக்கினால் உள்ளே வரும் கூட்டம் கூடுமா?

2009-இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் இதைத் தலைகீழாகச் சோதித்தது. ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்துவிட்டு ஓட்டினார்கள். கம்ப்யூட்டர் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் எரிபொருள் செலவு சொல்லும்படி மாறவில்லை. முழுசாக மிதித்தால் பிக்கப் மட்டும் குறைந்தது. அடைத்த ஃபில்டரே பெட்ரோலைத் தின்னவில்லை என்றால், சுத்தமான ஃபில்டரை இன்னும் தாராளமான ஃபில்டராக மாற்றி எதை மிச்சம் பிடிப்பது? கார்பரேட்டர் வண்டியில் மூச்சு அடைத்தால் கலவை கெட்டியாகி பெட்ரோல் குடிக்கும். அந்தக் காலத்து அனுபவத்தை இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

சாட்ஸ்வொர்த் சிட்டிகோல்ஃப்:
அமெரிக்க ஆய்வகத்தில் கீ ரிட்ஜ் ஏற்றம் இருக்கிறதா? குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அடர்த்தியான காற்று என்றால் சக்தி. இதையாவது ஒப்புக்கொள்வீர்களா?

வெஸ்ட்வில் கணக்கு வாத்தியார்:
இதை மனதார ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் ஓப்பன் ஃபில்டரே வேண்டாம் என்கிறேன்! கம்பெனி ஏர்பாக்ஸ் முன்பக்கத்திலிருந்து, பானட்டுக்கு வெளியே இருக்கும் காற்றை இழுக்கிறது. அது ஏற்கெனவே குளிர்ந்த காற்றுதான். பெட்டியைக் கழற்றிவிட்டு இஞ்சின் பக்கத்தில் கூம்பைத் தொங்கவிட்டால் அது ரேடியேட்டர் சூட்டைக் குடிக்கும். வெளியே 30 டிகிரி, பானட்டுக்குள் 60 என்றால் காற்றின் அடர்த்தி 9 சதவீதம் குறைவு. ஃபில்டரில் கிடைக்கக்கூடிய இரண்டைப் பிடிக்க ஒன்பதை விடுகிறோம்.

சாட்ஸ்வொர்த் சிட்டிகோல்ஃப்:
வண்டி ஓட ஆரம்பித்தால் பானட்டுக்குள் காற்று புகுந்து சூடு இறங்கிவிடும். ரோபோவில் நிற்கும் கணக்கை ஹைவேக்குப் போடாதீர்கள்.

வெஸ்ட்வில் கணக்கு வாத்தியார்:
ஹைவேயில் இறங்கும், உண்மை. ஆனால் தம்பி காலை எட்டு மணிக்கு உம்லாங்கா ரிட்ஜ் திருப்பத்தில் ஊர்ந்துகொண்டிருப்பான்.

இசிபிங்கோ பக்கி:
நான் டீசல் பக்கி (பிக்கப் டிரக்) ஓட்டுபவன், இதுவரை வேடிக்கைதான் பார்த்துக்கொண்டிருந்தேன். சூட்டுக்குப் பயந்து சிலர் நீளக் குழாய் போட்டு ஃபில்டரை முன் பம்பருக்குக் கீழே இறக்குகிறார்கள். தம்பி, 2022 ஏப்ரல் வெள்ளத்தை மறந்துவிட்டாயா? பிராஸ்பெக்டனில் டொயோட்டா ஆலைக்குள்ளேயே தண்ணீர் புகுந்த மழை அது. ஃபில்டர் கீழே இருந்தால் முழங்கால் அளவு தண்ணீர் போதும், சிலிண்டர் தண்ணீரை உறிஞ்சிவிடும். தண்ணீர் அமுங்காது, பிஸ்டன் ராடு வளையும். எங்கள் தெருவில் ஒருவர் கார் அப்படித்தான் போனது. வண்டி மூழ்கக்கூட இல்லை. மாற்றியதை முன்கூட்டிச் சொல்லவில்லை என்று இன்ஷூரன்ஸ்காரர்கள் அவரை அலைய விட்டார்கள். என்ன மாட்டினாலும் முதலில் அவர்களுக்கு ஒரு மெயில் போட்டுவிடு.

பீனிக்ஸ் தம்பி:
அப்போ வாரன்டி?

லெனேஷியா ஜிடிஐ:
2021 ஜூலை 1-ஆம் தேதி முதல் நம் நாட்டுப் போட்டி ஆணையத்தின் (Competition Commission) வழிகாட்டுதல் நடைமுறையில் இருக்கிறது. வெளி பார்ட்ஸ் போட்டாய் என்ற ஒரே காரணத்துக்காக முழு வாரன்டியையும் ரத்து செய்யக்கூடாது என்பதுதான் அதன் சாரம். ஆனால் நீ மாட்டிய பொருளால்தான் கெட்டது என்று காட்டினால் அந்தப் பழுதுக்குக் காசு தரமாட்டார்கள். உள்ளே புழுதி போய்த் தேய்ந்த இஞ்சினைப் பிரித்துப் பார்த்தால் காட்டுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை.

வெருலம் பார்ட்ஸ் கவுண்டர்:
தம்பி, புது பேப்பர் ஃபில்டர் ஒன்று, பிளக் மாற்றும் கெடு வந்திருந்தால் அதுவும், டயரில் சரியான காற்று. மிச்சக் காசு உன்னிடமே இருக்கட்டும். சத்தம்தான் வேண்டும் என்றால், ஏர்பாக்ஸை அப்படியே வைத்துக்கொண்டு அதற்குள் உட்காரும் தட்டையான காட்டன் ஃபில்டர் கிடைக்கிறது, அதைப் போடு. உறுமல் இலேசாகக் கூடும், சூட்டுக் காற்று வராது. கிலோவாட் வரும் என்று மட்டும் நினைக்காதே.

சாட்ஸ்வொர்த் சிட்டிகோல்ஃப்:
எல்லாரும் சேர்ந்து பையனைப் பயமுறுத்திவிட்டீர்கள். என் மருமகனும் விவோ 1.4 தான் ஓட்டுகிறான், கூம்புதான் போட்டிருக்கிறான், பழைய பெட்டியையும் பத்திரமாக வைத்திருக்கிறான். தம்பி, சனிக்கிழமை வா, நீயே ஓட்டிப் பார். வாத்தியாரையும் கூட்டி வா. கீ ரிட்ஜில் மூன்றாவது கியரில் 60-லிருந்து 100 வரை, ஸ்டாப்வாட்ச் அவர் கையிலேயே இருக்கட்டும்.

வெஸ்ட்வில் கணக்கு வாத்தியார்:
வருகிறேன். ஆனால் ஒரே வண்டியில் இரண்டையும் மாற்றி மாற்றி மாட்டி ஓட்ட வேண்டும். பெட்ரோல் அளவு மாறக்கூடாது, வண்டியில் அதே ஆட்கள்தான் இருக்க வேண்டும். எது மாட்டியிருக்கிறது என்று ஓட்டுகிறவனுக்குச் சொல்லக்கூடாது.

சாட்ஸ்வொர்த் சிட்டிகோல்ஃப்:
சத்தத்திலேயே தெரிந்துவிடுமே!

வெஸ்ட்வில் கணக்கு வாத்தியார்:
அதனால்தான் ரேடியோவைச் சத்தமாக வைக்கப் போகிறோம்.