ப்யோல் பெயரிலுள்ள சதுக்கத்தில் என்னை நிறுத்திய காவலர்

ஜெர்மன் எழுத்தாளர் ஹைன்ரிஷ் ப்யோலிடம் உங்களில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழியில் வந்து சேர்ந்திருப்பீர்கள். எனக்கு அவர் முதலில் வந்தது வாட்ஸப்பில், அதுவும் பெயரில்லாமல்.

அந்த மீனவர் கதை உங்களுக்கும் வந்திருக்கும். படகில் சும்மா படுத்திருக்கும் ஒரு மீனவரிடம் பணக்காரர் ஒருவர் வந்து, இன்னும் நாலு நடை கடலுக்குப் போகலாமே, இன்னொரு படகு வாங்கலாமே, கம்பெனி தொடங்கலாமே, அப்புறம் நிம்மதியாகக் காலை நீட்டிப் படுக்கலாமே என்பார். "இப்பவும் அதைத்தானே செய்கிறேன்" என்பார் மீனவர். கீழே ஒரு நீதி, கூப்பிய இரண்டு கைகள். என் சித்தப்பாவே இரண்டு தடவை அனுப்பியிருக்கிறார்.

அப்புறம் கொலோன் நகருக்கு வந்து ஜெர்மன் வகுப்பில் சேர்ந்தேன். ஒருநாள் ஆசிரியை ஒரு ஜெராக்ஸ் தாளைக் கொடுத்தார். இரண்டாவது பத்தியிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதே மீனவர்! 1963இல் மே தினத்துக்காக ப்யோல் வானொலிக்கு எழுதிக் கொடுத்த சிறுகதை அது. வேலை செய்யும் ஊக்கத்தைக் குறைப்பது எப்படி என்பது போல ஒரு தலைப்பு.

ஃபார்வர்டில் இல்லாததெல்லாம் அந்தத் தாளில் இருந்தது. சுற்றுலாப் பயணியின் கேமரா 'கிளிக்' என்கிறது, மறுபடி கிளிக், மூன்றாவது கிளிக். அந்தச் சத்தத்தில்தான் மீனவருக்குத் தூக்கம் கலைகிறது. அவர் சிகரெட் தேடுவதற்குள் பயணியே ஒன்றை அவர் கையில் வைத்துவிடுகிறார். கடலுக்குப் போகவில்லையா, உடம்பு சரியில்லையா என்று பதறுகிறார். மீனவர் எழுந்து சோம்பல் முறித்து, தன் உடம்பு எவ்வளவு திடம் என்று காட்டுவது போல நிற்கிறார். காலையிலேயே போய்விட்டு வந்தாயிற்று. நாலு சிங்கி இறால், கிட்டத்தட்ட இரண்டு டஜன் கானாங்கெளுத்தி. பயணிக்கு ஆசை தலைக்கேறுகிறது. ஹெலிகாப்டரில் பறந்து மீன் கூட்டத்தைத் தேடலாம் என்பது வரை போய், மகிழ்ச்சியில் பேச்சு அடைத்துப்போகிறது. புரையேறிய பிள்ளைக்குத் தட்டுவது போல மீனவர் அவர் முதுகில் தட்டிக் கொடுக்கிறார்.

அந்த முதுகுத் தட்டலுக்காகவே கதையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். போரில் தரைமட்டமான ஒரு நாடு இருபது வருஷத்துக்குள் பணத்தில் புரள ஆரம்பித்திருந்த காலம் அது. அந்த ஓட்டத்தில் மூச்சு வாங்கும் மனிதரை ப்யோல் திட்டவில்லை, தட்டிக் கொடுக்கிறார். கடைசியில் அந்தப் பயணி யோசித்தபடியே போகிறார். ஏழை மீனவர் மேல் இருந்த இரக்கம் போய், கொஞ்சம் பொறாமை மட்டும் மிஞ்சுகிறது. அவ்வளவுதான் கதை, நீதியெல்லாம் கிடையாது.

"இவர் பெயரில் இங்கே ஒரு சதுக்கம் இருக்கிறது, போய்ப் பாருங்கள்" என்றார் ஆசிரியை. அந்த வார சனிக்கிழமையே போனேன். பேராலயத்துக்குப் பின்பக்கம், ரைன் நதியைப் பார்த்தபடி, செங்கல் பாவிய விசாலமான இடம். நேராக ஆற்றை நோக்கி நடந்தவனை ஒரு காவலர் கையை நீட்டி நிறுத்தினார். "தயவுசெய்து சுற்றிப் போங்கள். கீழே கச்சேரி நடக்கிறது."

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் தரையைக் காட்டினார். நகரத்தின் பெரிய இசையரங்கம் அந்தச் சதுக்கத்துக்கு அடியில்தான் இருக்கிறது. மேலே யாராவது குதிகால் செருப்போடு நடந்தாலோ, பெட்டியை உருட்டினாலோ உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கேட்டுவிடுமாம். அதனால் ஒத்திகையிலும் கச்சேரியிலும் ஆட்களை நிறுத்தி மேலே யாரும் நடக்காமல் பார்த்துக்கொள்கிறார்கள். அரங்கம் திறந்தது 1986இல். ப்யோல் அதற்கு முந்தின வருஷமே இறந்துவிட்டார்.

வேறு யார் பெயரில் இருந்தாலும் அதைக் கட்டடக் கோளாறு என்று விட்டிருப்பேன். ஆனால் மௌனத்தைச் சேகரிக்கும் ஒருவனைப் பற்றிக் கதை எழுதியவர் அல்லவா இவர்! டாக்டர் முர்க்கே வானொலி நிலைய ஊழியன். காலையில் வந்ததும் கதவில்லாமல், நிற்காமல் சுற்றும் லிஃப்டில் ஏறி, வேண்டுமென்றே உச்சிவரை போய்க் கொஞ்சம் பயந்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவான். பெரிய அறிஞர் ஒருவர், தன் பழைய உரையில் 'கடவுள்' என்று வரும் இடத்திலெல்லாம் 'நாம் வணங்கும் அந்த உயர்ந்த சக்தி' என்று மாற்றச் சொல்கிறார். ஒலிநாடாவை வெட்டி ஒட்ட வேண்டியவன் முர்க்கே. எழுவாய், செயப்படுபொருள் என்று வேற்றுமைக்கு வேற்றுமை அந்தத் தொடர் மாறுமே, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பேசிப் பதிய வேண்டும், விளி வேற்றுமை உட்பட! ஜெர்மன் வேற்றுமைகளோடு இரவெல்லாம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த எனக்கு அந்தப் பக்கங்கள் சொந்த வீட்டுக் கதையாக இருந்தன. முர்க்கே என்ன செய்கிறான் தெரியுமா? பேச்சாளர்கள் மூச்சு விட்ட இடங்கள், பேசாமல் இருந்த இடங்கள், இப்படி வெட்டி எறியும் துண்டுகளையெல்லாம் பொறுக்கி ஒட்டி, ராத்திரி வீட்டில் போட்டுக் கேட்கிறான்.

இதை எழுதியவர் ஆறு வருஷம் ராணுவத்தில் இருந்தவர். தச்சுப்பட்டறைக்காரரின் மகன். ஹிட்லரின் இளைஞர் படையில் சேராமலே வளர்ந்தவர், ஆனாலும் 1939இல் சீருடை போட வேண்டியதாயிற்று. வீட்டுக்குக் கடிதம் கடிதமாக எழுதியிருக்கிறார். 1945இல் அமெரிக்கர்களிடம் போர்க் கைதியாகி, பிறகு விடுதலையாகி வந்தார். அதே வருஷம் முதல் பிள்ளை இறந்துபோனது. கொலோன் முழுக்க இடிபாடு. மனைவி அன்னமாரி பள்ளியில் சொல்லிக்கொடுத்துக் குடும்பத்தைத் தாங்கினார். இவர் நகராட்சிப் புள்ளிவிவர அலுவலகத்தில் தற்காலிக வேலை பார்த்தபடி எழுதினார். 1972இல் நோபல் கிடைத்ததைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அதற்கு முந்தின அந்தக் கஷ்ட வருஷங்கள்தான் பெரிது. அவர் கதைகளில் ஒரு ரொட்டித் துண்டை, ஒரு கோப்பைக் காபியை அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றால், பசித்துப் பார்த்த கண் அது.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவருடைய கையெழுத்துப் பிரதிகளைக் கொலோன் நகர ஆவணக் காப்பகம் வாங்கிவைத்துச் சில வாரங்கள்கூட ஆகவில்லை, 2009 மார்ச் 3 அன்று, பக்கத்தில் நடந்த சுரங்க ரயில் வேலையால் காப்பகக் கட்டடமே குழிக்குள் சரிந்துவிட்டது. இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள். இடிபாட்டைப் பற்றி எழுதியவரின் காகிதங்கள், அவர் பிறந்த வீட்டிலிருந்து அதிக தூரமில்லாத ஒரு தெருவில், இடிபாட்டுக்குள் போயின. ஆசிரியை இதைச் சொன்னபோது குரல் மாறியது. அதற்கு மேல் அன்று பாடம் நடக்கவில்லை.

இப்போதும் மாதம் ஒருமுறையாவது அந்தச் சதுக்கத்துக்குப் போகிறேன். போன தடவை ரயிலைப் பிடிக்க ஓடிவந்த ஒரு பையனைக் காவலர் நிறுத்தினார். பையன் கடிகாரத்தைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். அப்புறம் உருட்டிவந்த பெட்டியைக் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் மார்போடு தூக்கிக்கொண்டு, ஓரமாகச் சுற்றிக்கொண்டு போனான்.