அடுத்த வருடம் பென்ஷன், பிறப்புச் சான்றிதழில் பெயர் வேறு. எங்கே தொடங்குவது?

படுவான்கரை ரீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஆரம்பப் பிரிவு ஆசிரியை, அடுத்த வருடம் 60 முடிகிறது. ஓய்வூதியத்துக்குக் கடதாசி சேர்க்கத் தொடங்கிய இடத்தில்தான் வில்லங்கம். பழைய பிறப்புச் சான்றிதழ் 1990 இடப்பெயர்வில் போய்விட்டது, இப்போது புதிதாக ஒரு பிரதி எடுத்தேன், அதில் என் பெயர் 'யோகேஸ்பரி' என்று இருக்கிறது. பாடசாலை விடுகைப் பத்திரம், ஓ.எல். சான்றிதழ், அடையாள அட்டை, நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு எல்லாவற்றிலும் 'யோகேஸ்வரி'தான். அது போதாதென்று அப்பாவின் பெயர் பிறப்பில் 'வேலாப்போடி', என்னுடைய விவாகப் பதிவில் 'வேலுப்பிள்ளை'. கல்யாணத்தன்று பதிவுகாரருக்குப் பெயர் சொன்னது சித்தப்பா, போடி என்றால் நாட்டுப்புறமாக இருக்கும் என்று நினைத்துப் பிள்ளையை ஒட்டிவிட்டார் போல. இத்தனை வருடமும் யாரும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

சத்தியக் கடதாசி ஒன்று முடித்தால் போதுமா, அல்லது பிறப்பையே திருத்த வேண்டுமா? ஊர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம், ஆனால் நான் பிறந்தது மட்டக்களப்பு டவுன் ஆஸ்பத்திரியில், அப்படியென்றால் எந்தப் பிரதேச செயலகத்துக்குப் போவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், ஆளுக்கு ஒன்று சொல்லித் தலை சுற்றுகிறது.


பாலமீன்மடு:

ரீச்சர், சத்தியக் கடதாசி போதும். சமாதான நீதவானிடம் போய் 'இரண்டு பெயரும் என்னையே குறிக்கும்' என்று ஒன்று முடித்து உங்கள் கோவையில் (பைலில்) வையுங்கள். எங்கள் அண்ணனுக்கு அப்படித்தான் முடிந்தது. பிறப்பில் கை வைத்தால் இழுபடும்.


பழைய லிகிதர்:

தம்பி சொன்னதில் பாதி சரி. ஆங்கிலத்தில் ஒரு எச் கூடிப்போச்சு, முதலெழுத்து ஒன்று விட்டுப்போச்சு என்ற அளவில் இருந்தால் சத்தியக் கடதாசியோடு ஓடும், நானே எத்தனையோ கோவையில் குத்தி அனுப்பியிருக்கிறேன். ஆனால் ரீச்சருடைய விஷயத்தில் பிழை இரண்டு இடத்தில், இரண்டு வகை. இரண்டையும் ஒரே சத்தியக் கடதாசிக்குள் அடைக்கப் பார்க்காதீர்கள்.

முதலில் ஒன்று பாருங்கள், இதைப் பலர் பார்ப்பதில்லை. பிழை பதிவுப் புத்தகத்திலேயே இருக்கிறதா, இல்லாவிட்டால் பிரதி எடுத்துத் தந்தவர் வாசித்ததில் வந்ததா? 1960களில் தொட்டெழுதும் பேனையால் எழுதிய பதிவில் 'ஸ்வ' என்று சேர்ந்து வரும்போது வானாவின் முன்சுழி மை ஊறி மூடிக்கொண்டால் பானா மாதிரியே நிற்கும். ஈஸ்வரி ஈஸ்பரி ஆவது இப்படியும் நடக்கும். அலுவலகத்தில் மூலப் பதிவின் பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள், அல்லது கையெழுத்துப் பக்கத்தின் போட்டோப் பிரதி எடுங்கள். புத்தகத்தில் வானா இருந்தால் உங்களுக்குத் திருத்தமே தேவையில்லை, சரியாக எழுதிய பிரதி ஒன்று தந்தால் கதை முடிந்தது.

புத்தகத்திலேயே பானா என்றால், பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் (1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கம்) இரண்டு வழி வைத்திருக்கிறது. எழுத்துப் பிழை, தவறு திருத்துவது 52ஆம் பிரிவு. பெயரையே மாற்றுவது, இடாத பெயரைச் சேர்ப்பது 27ஆம் பிரிவு. உங்களுடையது எதில் விழும் என்பதைப் பிரதேச செயலகத்திலுள்ள மேலதிக மாவட்டப் பதிவாளர் சொல்லுவார், நீங்கள் முந்திக்கொண்டு 'பெயர் மாற்ற வேண்டும்' என்று வாயால் சொல்லிவிடாதீர்கள், பிறகு அந்தப் படிவத்தைத்தான் நீட்டுவார்கள். எது எப்படியோ, சின்ன வயதிலிருந்தே யோகேஸ்வரி என்றுதான் பாவித்தேன் என்று காட்ட வேண்டும். அதற்குப் பழசுதான் பலம். போன வருடம் எடுத்த வங்கிப் புத்தகத்தை விட முதலாம் வகுப்பில் சேர்ந்தபோது பாடசாலை இடாப்பில் (பதிவேட்டில்) ஏறிய பெயர் பெரிது. படித்த பள்ளிக்கூடத்தில் அந்த இடாப்பு இருக்கிறதா என்று கேளுங்கள், அதிபர் கையொப்பத்தோடு உறுதிப்படுத்திய பிரதி வாங்குங்கள்.

எங்கே போவது என்றால், வசிக்கும் இடம் கணக்கில்லை, பிறப்புப் பதிந்த இடம்தான். டவுன் ஆஸ்பத்திரியில் பிறந்தவர் என்றால் மண்முனை வடக்குப் பிரதேச செயலகம்தான் வரும், கையிலுள்ள பிரதியின் தலைப்பில் மாவட்டமும் பதிவுப் பிரிவும் போட்டிருக்கும், அதை வாசித்துவிட்டுப் புறப்படுங்கள். ஊர் வெல்லாவெளி, கொக்கட்டிச்சோலை என்று போரதீவுப் பற்றுக்கும் பட்டிப்பளைக்கும் அலைந்து திரும்பியவர்கள் நிறையப் பேர்.

இன்னொன்று. பிறப்புத் திருந்தினால் பழைய எழுத்து மறைந்து போகாது, திருத்தம் பதிவில் குறிப்பாக ஏறி நிற்கும். அதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை.

விவாகப் பதிவை மட்டும் சும்மா விடாதீர்கள். உங்கள் பென்ஷன் உங்கள் கைக்கு வரும்வரை அது பெரிய தடையாக நிற்காமல் போகலாம். உங்களுக்குப் பிறகு உங்கள் கணவருக்குப் போக வேண்டியது என்று ஒன்று இருக்கிறது. 1983ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகுதான் பெண் உத்தியோகத்தர்களின் சம்பளத்திலிருந்தும் தபுதாரர் (மனைவியை இழந்தவர்) அநாதைகள் ஓய்வூதியத்துக்குக் கழிக்கத் தொடங்கினார்கள். உங்களிடமும் மாதாமாதம் கழித்திருப்பார்கள், சம்பளச் சீட்டைப் பாருங்கள். அந்தப் பணம் நாளைக்கு அவருக்கு வர வேண்டுமென்றால் அவர் காட்ட வேண்டிய முதல் கடதாசி விவாகச் சான்றிதழ். பிறப்பில் வேலாப்போடி மகள், விவாகத்தில் வேலுப்பிள்ளை மகள் என்றால் அந்த நேரம் விளக்கம் சொல்ல நீங்கள் இருக்கமாட்டீர்கள். கேட்கக் கசப்பாக இருக்கும், ஆனால் நான் லிகிதராக இருந்த காலத்தில் கண்ணீரோடு வந்து நின்றவர்கள் எல்லாம் இந்த வகைதான்.


கல்முனைக் காக்கா:

பழைய லிகிதர் சொன்ன பதிவுப் பிரிவு விஷயத்தில் எங்கள் பக்கத்துக்கு ஒரு கொசுறு. அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். அதற்கு முந்திப் பிறந்தவர்கள், கல்யாணம் முடித்தவர்களின் பத்திரங்களில், அக்கரைப்பற்று, நிந்தவூர், திருக்கோவில் எதுவாக இருந்தாலும், மேலே மட்டக்களப்பு மாவட்டம் என்றுதான் இருக்கும். அதைப் பிழை என்று நினைத்துத் திருத்தப் போகாதீர்கள். என் மச்சான் உம்மா வாப்பாவின் காவின் (விவாகப்) பதிவைக் கையில் வைத்துக்கொண்டு 'மாவட்டம் மாறிக் கிடக்கு' என்று ஒரு கிழமை நித்திரை இல்லாமல் திரிந்தார்.

எங்கள் ஆட்களுக்கு வருகிற கரைச்சல் லெவ்வையும் லெப்பையும். வாப்பா பெயர் பிறப்பில் ஆதம்லெவ்வை, அடையாள அட்டையில் ஆதம்லெப்பை. முஹம்மது, முகம்மது, மொஹமட், அது வேற கதை. ஒரே வீட்டில் மூன்று காக்கா தம்பிமாருக்கு மூன்று எழுத்து. என்னுடைய அனுபவத்தில் தகப்பன் பெயருக்கு வழி, தகப்பனின் சொந்தப் பத்திரம்தான். அவருடைய பிறப்பு, அது இல்லாவிட்டால் விவாகம், மரணப் பதிவு, காணி உறுதி, எதில் அவர் பெயர் எப்படி நிற்கிறதோ அதைப் பிடித்து மற்றதைத் திருத்த வேண்டும். ரீச்சர், உங்கள் அப்பாவின் மரணச் சான்றிதழில் என்ன இருக்கிறது?


படுவான்கரை ரீச்சர்:

இரண்டு பேருக்கும் கோடி நன்றி. காக்கா கேட்டதற்குப் பிறகு அலுமாரியைக் கிளறினேன். அப்பாவின் மரணச் சான்றிதழ், வயல் காணி அனுமதிப் பத்திரம் இரண்டிலும் வேலாப்போடிதான். அப்போ பிழை விவாகப் பதிவில் என்பது தெளிவு. சித்தப்பாவிடம் கேட்டால் 'நான் சொல்லவே இல்லை' என்கிறார், விடுவோம்.

இன்னொரு சந்தேகம். பக்கத்து ரீச்சர் ஒருவர், பிறப்பில் கை வைத்தால் பிறந்த திகதியையும் கிளறுவார்கள், ஓய்வுத் திகதியே மாறிவிடும் என்று பயமுறுத்துகிறார். மெய்யா?


பழைய லிகிதர்:

பெயருக்கு விண்ணப்பித்தால் பெயரைத்தான் பார்ப்பார்கள். ஆனால் திகதி ஒத்திருக்கிறதா என்பதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். உங்கள் பழைய ஒன்பது இலக்க அடையாள அட்டை எண்ணின் முதல் இரண்டும் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் அந்த வருடத்தில் எத்தனையாம் நாள் என்பது, பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 532 என்று வந்தால் 32ஆம் நாள், அதாவது பெப்ரவரி 1. பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று வைத்து எண்ண வேண்டும், இல்லாவிட்டால் சாதாரண வருடங்களில் மார்ச்சிலிருந்து பிறந்தவர்களுக்கு ஒரு நாள் பிசகும். அது பிறப்புச் சான்றிதழோடு பொருந்தினால் அந்த ரீச்சரின் பேச்சைக் காதில் போடாதீர்கள். பொருந்தாவிட்டால் ஒன்றிலும் கையெழுத்து வைக்காமல் முதலில் வலயக் கல்விப் பணிமனையில் உங்கள் சுயவிவரக் கோவையைப் பார்க்கும் உத்தியோகத்தரிடம் போங்கள்.

ஒழுங்கு இப்படி வரட்டும்: மூலப் பதிவைப் பார்ப்பது, பிறப்பு, பிறகு விவாகம். விவாகப் பதிவு எந்தப் பிரிவில் நடந்ததோ அந்த மேலதிக மாவட்டப் பதிவாளரிடம்தான் அதற்கும் போக வேண்டும், அப்பாவின் மரணச் சான்றிதழையும் காணிப் பத்திரத்தையும் கொண்டுபோங்கள். அடையாள அட்டையில் உங்கள் பெயர் சரியாகவே இருப்பதால் அதைத் தொட வேண்டாம். திருந்திய பிரதிகள் கைக்கு வந்ததும் கடிதத்தோடு கோவையில் போடச் சொல்லி, பெற்றுக்கொண்டதாக உங்கள் பிரதியில் கையொப்பம் வாங்குங்கள். இந்தக் கையொப்பத்தை வெட்கப்பட்டு விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

இன்றைக்கே தொடங்குங்கள். ஓய்வு வயதை 2022இல் 65 ஆக ஏற்றி, 2023 ஜனவரி 1இலிருந்து திரும்ப 60 ஆக இறக்கினபோது, இன்னும் ஐந்து வருடம் கிடக்கு என்று இருந்தவர்கள் டிசம்பர் 31 அன்று ஒன்றாகப் படியிறங்கினார்கள். அதில் எத்தனை பேர் கோவை அரைகுறை.


வாழைச்சேனைத் தம்பி:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் அரசாங்கம் இல்லை, சங்கக் கடையில் வேலை, ஊழியர் சேமலாப நிதி (ஈ.பி.எப்.) தான். 55 வருகிறது. நிதியில் என் பெயர் முதலெழுத்து மாறிக் கிடக்கிறது. எனக்கும் இதே வழியா?


பாலமீன்மடு:

தம்பி, உங்களுக்கு இவ்வளவு கஷ்டம் இல்லை. பிறப்பும் அடையாள அட்டையும் ஒத்திருந்தால் பிழை நிதியின் பதிவில் மட்டும்தான். வேலை கொடுத்தவர் மூலமாகக் கடிதம் எழுதுவித்துத் தொழில் திணைக்கள அலுவலகத்தில் திருத்தலாம். ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 ஆனதும் எடுக்கலாம் என்பதால் பணம் எடுக்கக் கே படிவம் நிரப்பப் போகும் முன்னமே இதை முடியுங்கள், சங்கத்தில் உங்களைத் தெரிந்த முகாமையாளர் இருக்கும்போதே. அவர் மாறிப் போனால் பழைய சம்பள இடாப்பைத் தேடித் தர ஆள் இருக்காது. முந்தி வேறு இடத்தில் வேலை செய்திருந்தால் அங்கே எந்த இலக்கத்தில், எந்தப் பெயரில் கட்டினார்கள் என்றும் பாருங்கள்.

ரீச்சர், அண்ணனிடம் திரும்பவும் கேட்டேன். அவருக்குப் பிழை ஆங்கில எழுத்தில் மட்டும்தானாம், தமிழில் எல்லாம் ஒன்றுதான். லிகிதர் ஐயா சொன்னபடியே செய்யுங்கள்.


படுவான்கரை ரீச்சர்:

எண்ணிப் பார்த்தேன், திகதி பொருந்துகிறது. திங்கட்கிழமை அரைநாள் லீவு போட்டிருக்கிறேன், முதலில் மூலப் பதிவைப் பார்க்கப் போகிறேன். பள்ளிக்கூட இடாப்பு அதிபரிடம் கேட்டாயிற்று, 1978 சூறாவளிக்குத் தப்பிய கட்டு ஒன்று ஸ்டோரில் கிடக்கிறதாம், தேடச் சொல்லியிருக்கிறார்.