டவர் வாடகையைக் குறைக்கச் சொல்கிறார்கள், கையெழுத்துப் போடலாமா?

கிணற்றுமேடு:
விருதுநகர் மாவட்டத்தில் எங்கள் அப்பா தன் புஞ்சையில் பத்து சென்ட்டை 2008-ல் டவருக்கு விட்டார். இருபது வருட ஒப்பந்தம். 4,500 ரூபாயில் ஆரம்பித்து, மூன்று வருடத்துக்கு ஒருமுறை 15 சதவீதம் ஏறி, இப்போது மாதம் 9,000 சொச்சம் வருகிறது. அப்பாவுக்கு 71 வயது, மருந்து மாத்திரை எல்லாம் அதில்தான். போன வாரம் டவர் கம்பெனி ஆள் கடிதத்தோடு வந்து, "முன்னே நாலு நெட்வொர்க் இருந்துச்சு, இப்ப ரெண்டுதான். 6,000-க்கு ஒத்துக்குங்க, இல்லேன்னா கழட்டிடுவோம்" என்றாராம். அப்பா பயந்து பேனாவை எடுத்துவிட்டார். பையன் வரட்டும் என்று அம்மாதான் நிறுத்தி வைத்திருக்கிறார். என்ன செய்யலாம்?

மானாவாரி:
போட்டுவிடுங்கள் தம்பி. எங்கள் பெரியப்பா மாடியில் இருந்த டவருக்கும் இப்படித்தான் கேட்டார்கள். முடியாது என்றார், ஆறு மாதத்தில் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மாடியில் கான்கிரீட் திட்டு மட்டும் கிடக்கிறது, மழைக்கு ஒழுகுகிறது.

பதினோரு வருஷம் டவர்:
தம்பி, அவசரப்பட வேண்டாம். நான் பதினோரு வருடம் டவர் பராமரிப்பில் இருந்தவன்.

இரும்பு, பேட்டரி, டீசல் ஜெனரேட்டர் இவைதான் டவர் கம்பெனியுடையவை. ஆன்டெனாவும் ரேடியோ பெட்டியும் நெட்வொர்க்காரர்களுடையவை, அதற்கு அவர்கள் வாடகை கட்டுகிறார்கள். ஆளுக்கொரு டவர் நட்டால் கட்டுப்படியாகாது என்றுதான் ஏர்டெல், வோடஃபோன், ஐடியா மூவரும் போட்டியாளர்களாக இருந்தும் 2007-ல் சேர்ந்து இண்டஸ் டவர்ஸைத் தொடங்கினார்கள். முதல் வாடகைதாரர் வந்தால் செலவு கட்டும், இரண்டாவது ஆள் ஏறினால்தான் லாபம். செலவு அதிகம் கூடாது, வாடகை மட்டும் கூடும்.

அப்புறம் ஆட்கள் குறைந்தார்கள். 2012-ல் உச்ச நீதிமன்றம் 2ஜி வழக்கில் செல்போன் சேவை நடத்துவதற்கான 122 உரிமங்களை ரத்து செய்தது. 2018-ல் ஏர்செல் நின்றது. அதே வருடம் வோடஃபோனும் ஐடியாவும் ஒன்றானதால், இருவரும் ஏறியிருந்த டவரில் ஒரு வாடகைதான் மிஞ்சியது. கம்பெனிக்கு நஷ்டம் என்பது பொய்யில்லை.

ஆனால் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது நெட்வொர்க் ஏறியபோது உங்கள் அப்பாவுக்கு ஒரு ரூபாயாவது கூட்டிக் கொடுத்தார்களா? ஆள் கூடினபோது பங்கு தராதவர்கள், ஆள் குறைந்ததும் நஷ்டத்தில் மட்டும் பங்கு கேட்கிறார்கள். இதை அந்த ஆளிடம் நேராகவே கேளுங்கள்.

கழற்றுவார்களா என்பதை டவரைப் பார்த்தே ஓரளவு சொல்லலாம். ஒரு நெட்வொர்க்குக்குப் பொதுவாக மூன்று பக்கமும் நீளமான வெள்ளைப் பலகைகள் இருக்கும், அவைதான் ஆன்டெனா. வெறும் குழாய் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தால் ஆள் காலி செய்த இடம். அடியில் ஃபைபர் கேபிள் வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஃபைபர் இழுத்த டவரை எளிதில் விடமாட்டார்கள். இரண்டு பேர் ஓடும் டவரைக் கழற்றினால் சுற்றுப்பட்டு ஊர்களில் சிக்னல் போகும், புது இடம் பிடித்து நடவும் லட்சக்கணக்கில் செலவாகும். அதே சமயம் ஒப்பந்தத்தில் வெளியேறும் ஷரத்தைப் படியுங்கள். பெரும்பாலும் கம்பெனி நோட்டீஸ் கொடுத்துப் போகலாம், நிலக்காரர் போக முடியாது என்றுதான் எழுதியிருப்பார்கள்.

கிணற்றுமேடு:
நேற்று போய்ப் பார்த்தேன் அண்ணே. மேலே இரண்டு வரிசை வெள்ளைப் பலகை, அதற்குக் கீழே ஆறு வெறும் குழாய். வேலிக்குள் கறுப்புக் கேபிள் ஒன்று மண்ணிலிருந்து பெட்டிக்குள் ஏறுகிறது. போன தையில்தான் தோண்டினார்கள் என்று அப்பா சொல்கிறார்.

பதினோரு வருஷம் டவர்:
அது ஃபைபராகத்தான் இருக்கும். தையில் இழுத்தவர்கள் இப்போது கழற்றமாட்டார்கள். குறைத்தே ஆக வேண்டும் என்றால் ஒரு வருடத்துக்கு மட்டும், 8,000-க்குக் கீழே போகாமல் பேசுங்கள். கடிதத்தின் கடைசிப் பக்கத்தையும் படியுங்கள். நான் பார்த்த இரண்டு கடிதங்களில் வாடகைக் குறைப்போடு 15 சதவீத உயர்வையும் ரத்து செய்து, ஒப்பந்தத்தை இன்னும் பத்து வருடம் நீட்டியிருந்தார்கள்.