பி.ஏ. தமிழ் படிச்சுக்கிட்டே கம்ப்யூட்டரும் படிக்கலாமா, இல்ல ஒன்னுலயே நிக்கணுமா?

வைகைக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். மதுரைல பி.ஏ. தமிழ் ரெண்டாவது வருஷம் படிக்கிற பொண்ணு நான். ப்ளஸ் டூல மேத்ஸ் குரூப், மார்க்கும் நல்லா தான் வந்துச்சு, வேற சீட் கிடைக்காம இங்க வரல, பிடிச்சு எடுத்தது தான் தமிழ். இப்போ புது நத்தம் ரோட்ல இருக்கிற கலைஞர் நூற்றாண்டு நூலகத்துல லீவு நாள்ல போய் உக்காந்துடுறேன், அங்க சங்கப்பாட்டு உரை ஒரு பக்கம், பைத்தான்ங்கிற ப்ரோக்ராம் மொழி புக் ஒரு பக்கம், நடுவுல கல்வெட்டு பத்தி ஏதாவது கிடைச்சா அதையும் எடுத்து வச்சுக்குறேன், எல்லாமே படிக்கணும் போல இருக்கு. வீட்ல மாமா ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால் வைக்காத, ஒழுங்கா பி.எட். முடிச்சு டெட் எழுதுங்கிறார். அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்குன்னு தோணுது. என் கேள்வி ரெண்டு. ஒரே நேரத்துல ரெண்டு டிகிரி படிக்க முடியுமா? அதை விட முக்கியமா, இப்படி பரவலா படிச்சா எதுலயும் ஆழம் இல்லாம போயிடுமா?

கரிசல்மண்:
முதல் கேள்விக்கு பதில், முடியும். 2022 ஏப்ரல்ல யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, இதுக்கு அனுமதி கொடுத்துடுச்சு. ஒன்னு காலேஜ் போய் படிக்கிறது, இன்னொன்னு ஆன்லைன்லயோ தொலைதூரக் கல்வியிலயோ, இப்படி சேர்த்து படிக்கலாம். ஆனா உங்க யுனிவர்சிட்டி அதை ஏத்துக்கிட்டு விதிமுறை போட்டிருக்கான்னு ஆபீஸ்ல கேட்டுக்கோ தங்கச்சி, அதை மட்டும் விட்டுடாத. ஐஐடி மெட்ராஸ் ஆன்லைன்ல நடத்துற டேட்டா சயின்ஸ் பி.எஸ். டிகிரி 2020ல ஆரம்பிச்சது, ஜேஇஇ நுழைவுத் தேர்வு எல்லாம் தேவையில்ல, ப்ளஸ் டூ முடிச்சு, பத்தாவதுல மேத்ஸும் இங்கிலீஷும் படிச்சிருந்தா போதும், முதல்ல நாலு வாரப் பாடம் கொடுத்து ஒரு தகுதித் தேர்வு வைப்பாங்க, அதுல பாஸ் ஆனா உள்ள. ஃபவுண்டேஷன் லெவல்ல எட்டு பேப்பர். நடுவுல நிறுத்தினாலும் அதுவரைக்கும் முடிச்ச லெவலுக்கு சர்டிஃபிகேட்டோ டிப்ளமோவோ கிடைக்கும், வீட்டு வருமானத்தை வச்சு ஃபீஸ்ல சலுகையும் இருக்கு. பரீட்சை மட்டும் நேர்ல சென்டருக்கு போய் தான் எழுதணும்.

நேர்நிரை:
ரெண்டாவது கேள்விக்கு நான் வரேன், தமிழ் கணினி வேலையில இருக்கிறவன்ங்கிறதால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

எத்தனை சப்ஜெக்ட் படிக்கிறோம்ங்கிறது விஷயமே இல்லம்மா. ரெண்டு சப்ஜெக்டும் சேர்ந்தா தான் விடை கிடைக்கும்ங்கிற மாதிரி ஒரு கேள்வி உன் கையில இருக்கா, அது தான் விஷயம். இருந்துச்சுன்னா பரவலும் ஆழமும் ஒன்னுக்கொன்னு எதிரி கிடையாது.

பைத்தான்ல "தமிழ்"ங்கிற சொல்லுக்கு எத்தனை எழுத்துன்னு, நீளம் எண்ணுற லென் கட்டளை போட்டு கேட்டுப் பாரு, 5ன்னு சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி, இப்படி யூனிகோட் குறியீட்டை, அதாவது கம்ப்யூட்டர் எழுத்துகளை சேமிக்கிற குறியீட்டை எண்ணுது அது. நீ படிக்கிற இலக்கணத்துல அது மூனு எழுத்து. அதனால எழுத்தைப் பிரிக்கவே நீ ஒரு சின்ன ஃபங்ஷன், அதாவது ப்ரோக்ராம் துண்டு எழுதணும். அடுத்து "கொ"வை எடுத்துக்கோ, யூனிகோட்ல அதை ஒகரக் குறி ஒன்னா போட்டும் வைக்கலாம், எகரக் குறியும் கால் எழுத்தும் தனித்தனியாவும் வைக்கலாம், கண்ணுக்கு ரெண்டும் ஒன்னு தான், ஆனா தேடினா ஒன்னு கிடைக்கும் இன்னொன்னு கிடைக்காது, எல்லாத்தையும் ஒரே வடிவத்துக்கு மாத்தி நார்மலைஸ் பண்ணிட்டு தான் மேல போகணும்.

இதை சரி பண்ணிட்டு வெண்பா சரிபார்க்கிற ப்ரோக்ராம் ஒன்னு எழுதுறேன்னு வச்சுக்கோ. சீரை நேர், நிரைங்கிற அசைகளா பிரிக்கிறது, மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர்னு, அதாவது ஒரு சீர் முடியிற விதத்தை வச்சு அடுத்த சீர் எந்த அசையில தொடங்கணும்னு தளை பார்க்கிறது, எல்லாம் கண்டிஷன் தானே, அழகா வந்துடும். அகர முதல குறளைக் கொடுத்தா ஒரு தளை கூட தட்டாது. இப்போ குழலினிது யாழினிது குறளைக் கொடு. சீர் பிரிச்சா "குழலினி தியாழினி". முதல் சீர் நிரை நிரை, அதாவது கருவிளம், விளத்துக்கு அப்புறம் நேர் வரணும், வந்திருக்கிறது "தியா", நிரை. ப்ரோக்ராம் வள்ளுவருக்கு தளை தப்பிடுச்சுன்னு சொல்லும்! வெறும் ப்ரோக்ராம் தெரிஞ்சவன் ராத்திரி பூரா கோட்ல பிழை தேடுவான். உனக்கு பார்த்த உடனே தெரியும், அந்த "தி" குற்றியலிகரம், அதாவது குறுகி ஒலிக்கிற இகரம், அலகு பெறாது, அசைக் கணக்குல வராதுன்னு தள்ளிட்டா "யாழினி", நேர் நிரை, தளை கச்சிதமா பொருந்துது. அந்த விதியை கோட்ல எழுதும்போது தான் குற்றியலிகரம் எங்க வரும், எங்க வராதுன்னு நீ துல்லியமா யோசிச்சே ஆகணும், பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணா அந்த யோசனை வரவே வராது. இந்த மாதிரி வெண்பா பார்க்கிற மென்பொருள் ஏற்கனவே இருக்கு, இருந்தாலும் நீயே ஒன்னு எழுதிப் பாரு. உன் இலக்கணம் இதனால ஆழமாகும்னு நான் உறுதியா சொல்றேன்.

பாடவேளை:
காலேஜ்ல தமிழ் நடத்துறவன். மேல தம்பி எழுதினதை படிச்சதும் மனசு நிறைஞ்சுடுச்சு, நாளைக்கே கிளாஸ்ல இந்தக் குறளை இப்படி தான் நடத்தப் போறேன். ஆனாலும் ஒன்னு சொல்லணும். எல்லாத்தையும் ஒரே அளவுல படிக்கிறது வேற, ஒன்னுல வேர் விட்டுட்டு மத்ததை அதுக்குள்ள கொண்டு வர்றது வேற. ஐராவதம் மகாதேவனை எடுத்துக்கோம்மா. ஐஏஎஸ் அதிகாரி, பின்னாடி 1987ல இருந்து 1991 வரைக்கும் தினமணி ஆசிரியர். பார்க்கிறவங்களுக்கு எங்கெங்கயோ போன மாதிரி தெரியும், ஆனா பழைய எழுத்தைப் படிக்கிறதுங்கிற ஒரே வேலையை அவர் விடவே இல்ல. 1977ல வந்த சிந்து எழுத்துத் தொடரடைவை கம்ப்யூட்டர் உதவியோட தயாரிச்சார். ஒவ்வொரு குறியும் எந்தெந்த முத்திரையில, எந்த இடத்துல, எதுக்குப் பக்கத்துல வருதுன்னு கையால வரிசைப்படுத்தி மாளாதுல்ல. அவருக்குத் தேவைப்பட்டதுனால தான் கம்ப்யூட்டர் வந்துச்சு. நீ தமிழ்ல வேர் விடு. மூனாம் வருஷம் முடியிற வரைக்கும் ரெண்டாவது டிகிரி வேண்டாம்ங்கிறது என் கருத்து, செமஸ்டர் பரீட்சையும் பி.எஸ்.ல வைக்கிற குவிஸும் ஒன்னு மேல ஒன்னு விழும்போது முதல்ல அடி வாங்கப் போறது நீ ஆசைப்பட்டு எடுத்த தமிழ் தான். அதுக்குப் பதிலா ஐஐடிகள் பாடம் நடத்துற என்பிடெல் ஆன்லைன் தளத்துல ஒரு பைத்தான் கோர்ஸ் எடு, பாடம் இலவசம், சர்டிஃபிகேட் வேணும்னா மட்டும் பரீட்சைக்கு பணம் கட்டினா போதும்.

கரிசல்மண்:
சார் சொல்றது சரி, ஆனா வீட்ல பேச ஒரு பேப்பர் கையில இருக்கணும் சார், சும்மா ஆர்வம்னு சொன்னா பொம்பளப் புள்ளைக்கு எத்தனை நாள் விடுவாங்க? அந்தக் கோணத்துல பி.எஸ். நல்லது தான். அதுல ஒரு டெர்முக்கு கம்மியான பேப்பர் எடுத்துக்கிட்டு மெதுவா போகவும் வழி இருக்கு.

வைகைக்கரை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி அண்ணா, சார். நேத்து ராத்திரியே நேர் நிரை பிரிக்கிறதை எழுதிட்டேன், அகர முதல சரியா வருது, எனக்கு சந்தோஷம் தாங்கல. டிகிரி விஷயம் சார் சொன்ன மாதிரி இப்போதைக்கு என்பிடெல், அது முடிஞ்சதும் பி.எஸ். தகுதித் தேர்வு எழுதிப் பார்க்கலாம்னு இருக்கேன், மாமாகிட்ட பி.எட். மாட்டேன்னு சொல்லல, இதுவும் சேர்த்துன்னு சொல்லிட்டேன். ஒரே ஒரு சந்தேகம், நெட்ல எடுத்த குறள்ல பாதிக்கு மேல தளை தட்டுதுன்னு வருது, என் கோட்ல தான் தப்பா?

நேர்நிரை:
கோட் இருக்கட்டும், முதல்ல டெக்ஸ்டைப் பாரு. நெட்ல இருக்கிறதுல பாதி, படிக்கிறவங்களுக்கு புரியணும்னு சந்தி பிரிச்சு போட்டது, "யாழ் இனிது"ன்னு தனித்தனியா இருக்கும், அதுல சீரும் கிடைக்காது தளையும் கிடைக்காது. சீர் பிரிச்ச பாடம் எடு, மதுரைத் திட்டம்ங்கிற தமிழ் மின்னூல் தளத்துல தேடிப் பாரு, 1998ல இருந்து தன்னார்வலர்கள் ஏத்துன நூல்கள் அங்க இருக்கு. அப்புறம் ஐகாரக் குறுக்கத்துக்கு, அதாவது ஐ குறுகி ஒலிக்கிறதுக்கு, விதி எழுதுனியா? எழுதலன்னா அடுத்து அங்க தான் மாட்டுவ. நீ எழுதின கோட்-ஐ இங்கயே போடு, நான் பார்க்கிறேன்.