ஸ்ட்ராட்டில் ஸ்ட்ரிங் ட்ரீ எதற்கு? கழற்றிவிட்டேன், ட்யூனிங் நிற்கிறது

கம்பிக்காரன்:
என்னிடம் இருப்பது ஸ்ட்ராட் (ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வகை எலெக்ட்ரிக் கிட்டார். ட்யூனர் திருகுகள் இருக்கும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கில் ரெண்டு ஸ்ட்ரிங் ட்ரீ, அதாவது கம்பியைக் கீழே அமுக்கிப் பிடிக்கும் சின்னத் தகரம். வாமி பாரை (சுருதியை இறக்கி ஏற்றும் கைப்பிடி) அமுக்கி விட்டால் பி, ஹை ஈ கம்பிகள் ரெண்டும் சுருதி கூடி ஷார்ப்பாகத் திரும்பும். பெண்ட் பண்ணினால் (கம்பியை விரலால் பக்கவாட்டில் தள்ளினால்) சுருதி குறைந்து ஃப்ளாட். நேற்று ரெண்டு ட்ரீயையும் கழற்றினேன், அரை மணி நேரம் வாசித்தும் ட்யூனிங் அசையவில்லை. கிப்சனின் லெஸ் பால் கிட்டாரில் இந்தத் தகரமே கிடையாது. மரத்தை மிச்சம் பிடிக்க, ஸ்ட்ராட்டை உருவாக்கிய லியோ ஃபெண்டர் ஹெட்ஸ்டாக்கைத் தட்டையாக வைத்தார், அந்தக் குறைக்குப் போட்ட ஒட்டுதான் இது. வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி.

பட்டறைக்காரர்:
பாதி சரி தம்பி. லெஸ் பாலின் ஹெட்ஸ்டாக் 17 டிகிரி பின்னால் சாய்ந்திருக்கும், ஆறு கம்பியும் நட்டை (கழுத்தின் முனையில் கம்பிகள் பள்ளத்தில் உட்காரும் பட்டை) தாண்டியதும் தானாக இறங்கும். ஸ்ட்ராட்டில் அந்தச் சாய்வே இல்லை. லோ ஈ ட்யூனர் நட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அதற்கு இறக்கம் போதும். ஹை ஈ ட்யூனர் கடைசியில், அவ்வளவு தூரம் போவதற்குள் கோணம் கரைந்துவிடும். அதை அமுக்கிப் பிடிக்கத்தான் ட்ரீ. குறை என்று மட்டும் சொல்லாதே. சாய்ந்த ஹெட்ஸ்டாக்கில் மரத்தின் நார் குறுக்கே ஓடும், கீழே விழுந்தால் நட்டுக்குப் பின்னால் ஒடியும். அப்படி ஒடிந்து வந்தவற்றை எத்தனையோ முறை ஒட்டியிருக்கிறேன். தட்டை ஹெட்ஸ்டாக் அப்படி ஒடிந்து வந்தது அபூர்வம்.

மேப்பிள்நெக்:
கணக்காகவே பார்ப்போம். 25.5 அங்குல ஸ்கேலில் (கம்பி அதிரும் நீளம்) 10 கேஜ் (0.010 அங்குலத் தடிமன்) ஹை ஈயின் இழுவிசை ஏறக்குறைய 7.3 கிலோ. நட்டுக்குப் பின்னால் கோணம் 2 டிகிரி என்றால் நட்டை அமுக்கும் விசை 250 கிராம்தான். 8 டிகிரி ஆனால் 1 கிலோ. 250 கிராமில் உட்கார்ந்திருக்கும் கம்பியை அழுத்தி அடித்தால் பள்ளத்தில் துள்ளாதா?

கம்பிக்காரன்:
துள்ளவில்லையே! தவிர, ட்ரீயைக் கழற்றியதும் கம்பி மெத்தென்று ஆகிவிட்டது. இழுவிசை குறைந்ததால்தானே?

மேப்பிள்நெக்:
இல்லை. கேஜும் நீளமும் சுருதியும் அதேதான் என்றால் இழுவிசையும் அதேதான், ட்ரீ அதை மாற்றாது. பெண்ட் பண்ணும்போது நட்டில் கம்பி இலகுவாக வழுக்குவதால் உங்கள் விரலுக்கு அப்படித் தோன்றலாம்.

வால்வு_ஆம்ப்:
நான் கம்பிக்காரன் பக்கம். ட்ரீ என்பது கம்பி உரசும் இன்னொரு இடம். ட்ரெமொலோ (வாமி பார்) உள்ள கிட்டாரில் உரசல் கூடினால் ட்யூனிங் போகத்தான் செய்யும். அதனால்தான் ரோலர் ட்ரீ வந்தது, கிராஃபைட் ட்ரீ வந்தது. தண்டின் உயரம் படிப்படியாகக் குறையும் ஸ்டாக்கர்டு ட்யூனர் போட்டால் ட்ரீயே தேவைப்படாது. 1954இல் ஸ்ட்ராட் வந்தபோது பி, ஹை ஈ கம்பிகளுக்குச் சேர்த்து ஒரே ட்ரீதான். டி, ஜிக்கு ரெண்டாவது 70களின் தொடக்கத்தில்தான் சேர்ந்தது. அதுவரை வாசித்தவர்களுக்கு அது இல்லாமல் என்ன கெட்டுப்போயிற்று?

பட்டறைக்காரர்:
ரெண்டாவதைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. ஜி கம்பியை ட்யூனர் தண்டில் மேலிருந்து கீழாக மூன்று சுற்று சுற்றினாலே இறக்கம் கிடைத்துவிடும். ஆனால் முதல் ட்ரீயில் ரெண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். ட்ரீயைக் கழற்றினால் நட்டின் மேலுள்ள அழுத்தமும் குறைகிறது. இறுக்கமான பள்ளம் பிடித்துவைத்த கம்பி இப்போது தப்பித்துவிடும். குற்றவாளி நட்டாக இருக்க, ட்ரீ பழி சுமக்கிறது. தம்பி, ட்ரீயைத் திரும்பப் போடு. முதலில் ட்ரீக்கு அடியில் மட்டும் துளி வாசலின் தடவிப் பார். மாறவில்லை என்றால் நட் பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய். ரெண்டையும் ஒரே நேரத்தில் செய்துவிடாதே.

கம்பிக்காரன்:
ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்தேன் அண்ணா. வாசலினில் மாற்றம் இல்லை. பென்சில் கரிக்கு ஹை ஈ முழுதாகச் சரியானது, பி கொஞ்சம் ஷார்ப்பாகவே நிற்கிறது. இன்னொன்றையும் சொல்லவேண்டும்: ட்ரீ இல்லாத நாட்களில் ஓப்பன் பியை அழுத்தி அடித்தால் சித்தார் மாதிரி இரைந்தது, ஆம்ப் சத்தத்தில் கவனிக்கவில்லை. முதல் ட்ரீ இருக்கட்டும். ரெண்டாவதைப் போடமாட்டேன், ஜியை நீங்கள் சொன்னபடி மூன்று சுற்று இறக்கிவிட்டேன்.

பட்டறைக்காரர்:
பி பள்ளம் கேஜுக்குச் சிறிதாக இருக்கும். நீயே அரம் போட்டு ஆழமாக்கிவிடாதே, அகலம் மட்டும் ஒரு இழை கூடினால் போதும். கேஜ் என்ன போட்டிருக்கிறாய்?