பொருள்: கூட்டினால் ஒன்றாகும் அந்த மற்ற எண்ணுக்கு ஒரு சொல்

கல்லடியிலிருந்து:

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம்.

தரம் 6 பிள்ளைகளுக்குத் தசமக் கூட்டல் பழக்க ஒரு காட்ஸ் விளையாட்டு வைத்திருக்கிறோம். விதிகளை எழுதி மற்றப் பள்ளிக்கூடங்களுக்கும் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தால், ஒரு சொல் இடிக்கிறது. 0.37 உடன் 0.63 ஐக் கூட்டினால் 1. அந்த 0.63 ஐ 0.37 இன் என்னவென்று சொல்வது?

விளையாட்டைச் சொன்னால்தான் விளங்கும். பிறிஸ்டல் போட்டில் வெட்டிய 40 அட்டைகள், அதாவது 20 சோடி. நாலு பேர் இருந்து ஆளுக்கு ஐந்து எடுத்து, மிச்சத்தை நடுவில் கவிழ்த்து வைப்பார்கள். தன் கையில் இருப்பதற்கு எது வேண்டும் என்று மனதுக்குள் கணக்குப் பார்த்து, மற்ற மூவரில் ஒருவரிடம் கேட்க வேண்டும். இருந்தால் அவர் தர வேண்டும். இல்லையென்றால் நடுக்கட்டிலிருந்து ஒன்று எடுக்கலாம். சோடியை மேசையில் போடும்போது இரண்டையும் உரக்கக் கூட்டிக் காட்ட வேண்டும். பிழைத்தால் இரண்டு அட்டையும் தந்தவருக்கே போய்விடும்.

கட்டுக்குள் பொறிகளும் உண்டு. 0.37 ஐ வைத்திருக்கும் பிள்ளை முதலில் கேட்பது பெரும்பாலும் 0.73. மூன்றுக்கு ஏழு, ஏழுக்கு மூன்று என்று ஒவ்வோர் இடத்தையும் தனித்தனியே பத்தாக்கிவிடுகிறது. கூட்டிப் பார்த்தால் 1.10! கடைசி இடம் மட்டும்தான் பத்தாக வேண்டும். அங்கிருந்து ஒன்று இடப்பக்கம் போகும் என்பதால் முன்னிடத்தில் ஒன்பது வந்தால் போதும். இதைக் கரும்பலகையில் எத்தனை தரம் எழுதினாலும் ஏறாது. எடுத்த அட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது ஏறுகிறது. அதற்காகவே 0.73 ஐயும் கட்டில் போட்டிருக்கிறோம், அதன் உண்மையான சோடி 0.27. அதேபோல 0.4 க்கு 0.6 என்று எழுதாமல் 0.60 என்று எழுதியிருக்கிறோம். 60 பெரிய எண், 4 சின்ன எண், இரண்டும் எப்படிச் சேரும் என்று முழிப்பார்கள். 0.05 க்கு 0.5 ஐக் கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

முன்பென்றால் இதற்கெல்லாம் சதம் கைகொடுத்தது. இங்கே இலங்கையில் 1872 இலிருந்தே ரூபாய்க்கு நூறு சதம்தான் (இந்தியா தசம நாணயத்துக்கு வந்தது 1957 இல்). முப்பத்தேழு சதத்துக்குச் சாமான் வாங்கி ஒரு ரூபாய் கொடுத்தால் மிச்சம் எவ்வளவு என்று கேட்டால் போதும். இப்போதைய பிள்ளை சதக் காசைக் கையில் எடுத்ததே இல்லை. அதனால்தான் அட்டை.

சரி, சொல்லுக்கு வருவோம். "சோடி" என்றால் இரண்டும் சேர்ந்தது, ஒன்றை மட்டும் குறிக்காது. "மீதி" வகுத்தலுக்குப் போய்விட்டது. "மறுபாதி" என்றால் 0.5 ஐத்தான் நினைப்பார்கள். உங்களிடம் வேறு ஏதும் இருக்கிறதா?

கோயம்புத்தூரிலிருந்து:

ஐயா, நிரப்பி என்ற சொல் கையிலேயே இருக்கிறதே. 90 பாகையாக நிரப்புவது நிரப்புக் கோணம், 180 ஆக நிரப்புவது மிகைநிரப்புக் கோணம். அந்த வழியில் 0.63 ஐ 0.37 இன் "ஒன்றின் நிரப்பி" என்று சொல்லலாம். புதிதாக எதையும் ஆக்க வேண்டாம். தசமம் என்பதையும் பதின்மம் என்று மாற்றினால் இன்னும் நன்றாக இருக்கும்.

கல்லடியிலிருந்து:

பதின்மத்தை இன்னொரு நாளைக்கு வைப்போம் ஐயா. பிள்ளையின் பாடப்புத்தகத்தில் தசமம் என்று இருக்கும்போது விளையாட்டில் மட்டும் வேறு சொல் போட்டால் இரண்டும் குழம்பும்.

நிரப்பியை நானும் யோசித்தேன். இலக்கணப்படி சுத்தமான சொல். ஆனால் கணினிப் பாடத்தில் "ஒன்றின் நிரப்பி" என்பது வேறு விஷயம். இரும எண்ணில் 0 ஐ 1 ஆகவும் 1 ஐ 0 ஆகவும் மாற்றிக் கிடைப்பது. இன்று தரம் 6 இல் ஒரு பொருளில் படிக்கும் பிள்ளை, உயர்தரத்தில் அதே சொல்லை வேறு பொருளில் படிக்க வேண்டி வரும். இன்னொன்று, "நிரப்பி இருக்கா?" என்று பதினொரு வயதுப் பிள்ளை கேட்டு நான் கேட்டதில்லை. பெற்றோல் நிரப்புகிற மாதிரி இருக்கிறது.

அக்கரைப்பற்றிலிருந்து:

சேர், எங்கட பிள்ளைகள் ஏற்கெனவே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். "என்ர முப்பத்தேழுக்குக் கூட்டாளி ஆரிட்ட?" என்றுதான் கத்துகிறார்கள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஒரு சின்ன விஷயமும் சொல்ல வேண்டும். விதித்தாளில் காட்ஸ் என்று போடாதீங்கோ. எங்கள் பக்கத்தில் சில பெற்றோருக்கு அந்தச் சொல்லே சூதாட்டம். 304 என்ற காட்ஸ் ஆட்டம் விளையாடிக் காசு விட்டவர்களைப் பார்த்தவர்கள் அவர்கள். சீட்டு என்றாலோ மாதச் சீட்டு. கணக்கு அட்டை என்றால் ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. அட்டை என்றதும் வயலில் காலில் ஏறுகிற அட்டையைச் சொல்லிச் சிரிப்பார்கள், அது பரவாயில்லை.

கோயம்புத்தூரிலிருந்து:

கூட்டாளி என்றால் எங்கள் ஊரில் செய்தித்தாள் நினைவுதான் வரும். "திருடனும் கூட்டாளியும் கைது" என்று போடுவார்கள். கடைப் பங்காளியையும் சொல்வோம். எண்ணுக்கு ஒட்டுமா?

கல்லடியிலிருந்து:

இங்கே கூட்டாளி என்றால் சிநேகிதன், வேறு ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தில் பக்கத்து வாங்கில் இருப்பவன். அதற்குள்ளேயே கூட்டும் இருக்கிறது. இதைவிடப் பொருத்தமாக நாங்கள் நாலு பேர் மேசையில் இருந்து ஆக்க முடியாது. டீச்சர் சொன்ன சொல்லுக்கே என் வாக்கு. விதித்தாளில் "கணக்கு அட்டை" என்றே போடுகிறேன். 304 காரர்கள் கோபிக்க வேண்டாம். யாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11 என்று வேகமாகக் கூட்டுகிறவர்களுக்குத் தசமமும் வந்துவிடும், ஆனால் அதைப் பெற்றோர் கூட்டத்தில் சொல்ல முடியாது.

ஒரு திருத்தம் மட்டும். "0.37 இன் கூட்டாளி" என்று நிறுத்தினால், எதை ஆக்குவதற்கு என்பது விடுபட்டுப் போகிறது. பிறகு இதே அட்டையை 10 க்கும் 100 க்கும் விளையாட வேண்டி வரும். 0.37 க்கு 10 ஐ நோக்கி 9.63. ஆகவே இலக்கு எண்ணையும் சேர்த்து "ஒன்றுக்குக் கூட்டாளி", "பத்துக்குக் கூட்டாளி" என்போம். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். அவர் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகளின் சொல் கலைச்சொற் பட்டியலில் ஏறினால் எனக்குச் சந்தோஷம்தான்.

கோவை ஐயாவுக்காக, ஆசிரியர் குறிப்பில் மட்டும் "நிரப்பெண்" என்றும் சேர்க்கிறேன். வரைவு இது:

ஒன்றுக்குக் கூட்டாளி: ஒரு தசமத்துடன் கூட்டும்போது 1 ஐத் தரும் மற்றத் தசமம்.

அக்கரைப்பற்றிலிருந்து:

"0 க்கும் 1 க்கும் இடைப்பட்ட ஒரு தசமத்துடன்" என்று போடுங்கோ சேர். இல்லாவிட்டால் முதல் நாளே ஒருவர் 1.2 க்குக் கூட்டாளி எங்கே என்று கேட்பார். மறை எண் (0 ஐ விடச் சிறிய எண்) இன்னும் படிப்பிக்கவில்லை.