எகொனியா சாபம்: லூக்கா 3 உண்மையிலேயே வழி விடுகிறதா?

ஏட்டுப்புழு கேட்டது:
மத்தேயு 1, லூக்கா 3இல் உள்ள இயேசுவின் வம்சப் பட்டியல்கள் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். தாவீதுக்குப் பிறகு ஒன்று சாலொமோன் வழி, மற்றது அவன் சகோதரன் நாத்தான் வழி. யோசேப்பின் தகப்பன் அங்கே யாக்கோபு, இங்கே ஏலி. லூக்காவில் உள்ளது மரியாளின் வம்சம், ஆகவே மத்தேயு பட்டியலில் வரும் யூதா ராஜா எகொனியாவின் சந்ததியில் யாரும் தாவீதின் சிங்காசனத்தில் உட்காரமாட்டார்கள் என்ற எரேமியா 22:30 சாபம் இயேசுவைத் தொடாது என்கிறார்கள். யூதத் தரப்பு இதை எந்த இடத்தில் மடக்குகிறது? வசனத்தோடு சொல்லுங்கள்.

தெற்குவாசல்:
முதல் அடி எண்ணாகமம் 1:18. கோத்திரக் கணக்கு பிதாக்களின் வம்சத்தை வைத்தே எடுக்கப்பட்டது. யூத சட்ட விவாதத் தொகுப்பான தல்மூதும் (பாபா பத்ரா 109ஆ) தகப்பன் குடும்பமே குடும்பம், தாய் குடும்பம் அந்தக் கணக்கில் வராது என்கிறது. ஆகவே லூக்கா பட்டியல் மரியாளுடையதே என்று ஒப்புக்கொண்டாலும் அதனால் யூதா கோத்திரம் கிடைக்காது. அப்பட்டியலில் மரியாள் பெயரே இல்லை என்பது தனிக்கதை.

அடுத்தது சாலொமோன். 1 நாளாகமம் 22:9-10 சிங்காசனத்தை அவன் பெயரைச் சொல்லியே கொடுக்கிறது. இடைக்கால யூத அறிஞர் மைமோனிடீஸ் தம் 13 கோட்பாடுகளில் 12ஆவதில், மேசியா தாவீதின் வீட்டில் சாலொமோன் சந்ததியிலேயே வரவேண்டும் என்கிறார். எகொனியாவிடமிருந்து தப்ப நாத்தான் பக்கம் போனால் சாலொமோன் கைவிட்டுப் போகிறான். போன பிறகாவது தப்பினோமா? மத்தேயுவில் எகொனியாவின் மகனும் பேரனுமாக வரும் சலாத்தியேல், சொரொபாபேல் லூக்கா 3:27இலும் நிற்கிறார்கள். அவர்கள் வேறு ஆட்கள் என்று வாதிடலாம். தகப்பன், மகன் இரண்டு பெயரும் அதே வரிசையில் வருவதால் எனக்கு அது ஒட்டவில்லை.

பழைய பேழை:
மரியாள் விளக்கம் மேற்கில் பரவலானது 15ஆம் நூற்றாண்டின் இறுதியில், விடெர்போ ஊர் அன்னியஸ் எழுதிய பிறகு. 3ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ எழுத்தாளர் யூலியஸ் ஆப்பிரிக்கானுஸ் சொன்ன தீர்வு வேறு. யூசேபியஸின் திருச்சபை வரலாறு 1:7இல் இருக்கிறது. எஸ்தா என்ற பெண் முதலில் சாலொமோன் வழி மாத்தானை மணந்து யாக்கோபைப் பெற்றாள். அவன் இறந்தபின் நாத்தான் வழி மெல்கியை மணந்து ஏலியைப் பெற்றாள். ஏலி பிள்ளையில்லாமல் இறக்க, பிள்ளையில்லாமல் இறந்த சகோதரனுக்குச் சந்ததி எழுப்பும் உபாகமம் 25:5-6 முறைப்படி யாக்கோபு அவன் மனைவியைச் சேர்த்துக்கொண்டான்; பிறந்தவர் யோசேப்பு. இரத்தத்தில் யாக்கோபின் மகன், சட்டத்தில் ஏலியின் மகன். இதில் ஒரு ஓட்டை: நம் லூக்காவில் ஏலிக்கும் மெல்கிக்கும் நடுவே மாத்தாத், லேவி என்று இரண்டு பேர். அவர் கையில் இருந்த பிரதியில் அவர்கள் இல்லை போலும்.

யோசேப்புக்கும் இயேசுவுக்கும் இடையிலான உறவுக்கு தல்மூதின் அடிப்படைச் சட்ட நூலான மிஷ்னாவில் பாபா பத்ரா 8:6 கைகொடுக்கும்: ‘இவன் என் மகன்’ என்று ஒருவன் சொன்னால் அவன் சொல் ஏற்கப்படும். மத்தேயு 1:25இல் பெயரிடுவது யோசேப்பே. தாய்வழிக்கு 1 நாளாகமம் 2:34-35ஐப் பாருங்கள். சேசானுக்கு மகன் இல்லை. மகளை எகிப்திய வேலைக்காரன் யர்காவுக்குக் கொடுத்தான். பிள்ளைகள் யூதா பட்டியலிலேயே தொடர்கிறார்கள்.

தெற்குவாசல்:
யர்காவுக்கு இஸ்ரவேலில் கோத்திரமே கிடையாது, அதனால் அந்த உதாரணம் இங்கே பொருந்தாது. மிஷ்னா பேசுவது, சந்தேகம் இருக்கும்போது யார் சொல்லை நம்புவது என்பதை. மத்தேயுவோ இயேசுவை யோசேப்பு பெறவில்லை என்று தானே எழுதிவிடுகிறார். ஆசாரியன் எடுத்து வளர்த்த பிள்ளை ஆசாரியன் ஆவதில்லை. தாவீதின் வம்சத்துக்கும் அதே விதி.

கூழாங்கல்:
இரண்டு பேருமே எகொனியாவை அளவுக்கு மீறித் தூக்கிப் பிடிக்கிறீர்கள். எரேமியா 22:24இல் எகொனியாவுக்கு உவமையாகக் கழற்றி எறியப்பட்ட முத்திரை மோதிரம், ஆகாய் 2:23இல் அவன் பேரன் சொரொபாபேலாகத் திரும்பி வருகிறது. சிறையிருப்பு பாவத்தைத் தீர்க்கும் என்பதற்கு ரபிகள் (தல்மூது, சன்ஹெத்ரின் 37ஆ) காட்டும் ஆளே எகொனியாதான். பழைய ரபிகளின் வேத விளக்கமான (மித்ராஷ்) லேவியராகம ரப்பா 19:6 அவன் மனந்திரும்பினான் என்கிறது. மித்ராஷ் தன்ஹூமா மேசியாவைச் சொரொபாபேல் வழியிலேயே கொண்டுவருகிறது. சாபத்தை வைத்து இயேசுவை மறுக்கிற யூதர் தம் மேசியாவையும் சேர்த்தே மறுக்க வேண்டிவரும்.

கி.பி. 70இல் ஆலயத்தோடு வம்சப் பதிவுகள் எரிந்தன, இனி யாராலும் நிரூபிக்க முடியாது என்ற கிறிஸ்தவ வாதமும் அதே ரகம். மைமோனிடீஸ் (மன்னர் சட்டங்கள் 12:3) மேசியா பரிசுத்த ஆவியால் கோத்திரங்களைப் பிரித்தறிவார் என்று ஏற்கெனவே எழுதிவிட்டார். அங்கே ஏடு தேவையில்லை.

மிஞ்சுவது, யோசேப்பு பெறாத இயேசுவுக்குத் தகப்பன் வழி எப்படி வரும் என்ற கேள்வி ஒன்றே. அதற்கு மரியாள் பட்டியல் உதவாது, ஆப்பிரிக்கானுஸும் உதவமாட்டார்: அவர் தீர்த்தது யோசேப்புக்கு இரண்டு தகப்பன் எப்படி என்பதை.